எடுத்திருப்பேன் என்றாள் மார்கரெட்

ஜலாலின் தையல் கடை காந்தி வீதியில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் வந்தால் பிரெஞ்சிலேயே பேசி அளவெடுப்பான். பிரெஞ்சு ஆட்சியில் அத்தா கடை நடத்திய காலத்தில் காதில் விழுந்த பாஷை அது. இங்கிலீஷில் எண்கள் தெரியும், துணிகளின் பெயர் தெரியும். மற்றதற்கெல்லாம் ‘எஸ் மேடம்’ போதும் என்று இருந்தான்.

எழுபத்தெட்டு ஜூனில் மார்கரெட் என்ற ஆஸ்திரேலியாக்காரி நாலு சட்டை தைக்கக் கொடுத்தாள். வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். யூனிபார்ம் தையல் குவிந்துபோய், சனிக்கிழமைதான் முடிந்தது. மார்கரெட் கோபப்படவில்லை. காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“இஃப் யூ ஹேட் ஃபினிஷ்ட் ஆன் தர்ஸ்டே, ஐ வுட் ஹேவ் டேக்கன் சிக்ஸ் மோர்.”

ஜலாலுக்குப் புரிந்தது ‘டேக்கன்’, ‘சிக்ஸ் மோர்’ இரண்டும்தான். “எஸ் மேடம்” என்றான். அவள் போனதும் துணிக்கடைக்கு ஓடினான். இந்தத் தடவை தாமதம் ஆகக் கூடாது என்று அன்றைக்கே மூன்று சட்டைக்கு வெட்டி, தைத்தும் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்பு வீட்டில் அவன் மனைவி ஜரினா பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தாள். கல்யாணத்தால் படிப்பை நிறுத்தியவள், இப்போது பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவதற்கு மத்தியானம் டுடோரியல் போய்க்கொண்டிருந்தாள். ஜலால் அதைத் தடுத்ததில்லை. அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் நினைத்திருந்தான்.

“இது யாருக்குங்க?”

“அந்த மார்கரெட் அம்மாவுக்குத்தான். இன்னும் ஆறு வேணும்னாங்க.” பெருமையாக, அவள் சொன்ன வாக்கியத்தை நினைவில் இருந்தவரை சொல்லிக் காட்டினான்.

ஜரினாவின் ஊசி நின்றது. அந்த வாரம் டுடோரியலில் இதைத்தான் நடத்தியிருந்தார்கள். “ஹேட்னு சொன்னாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“சொன்னாங்க. அதுக்கு இன்னா?”

“அப்ப அது முடிஞ்சுபோன கதைங்க. நடக்கலன்னு அர்த்தம்.”

“நீ புஸ்தகத்தப் படிக்கிற. நான் ஆளோட பேசிட்டு வரேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்கன்றேன்.”

ஜரினா வாதாடவில்லை. அதையே தமிழில் சொன்னாள்: “வியாழக்கிழமையே முடிச்சிருந்தீங்கன்னா இன்னும் ஆறு எடுத்திருப்பேன்.”

ஜலாலுக்குச் சுருக்கென்றது. எடுத்திருப்பேன் என்று ஒருத்தர் சொன்னால் எடுக்கவில்லை என்பதை யாரும் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. மீதி மூன்றுக்கு வெட்ட எடுத்த கத்தரியைத் தள்ளி வைத்தான்.

“நேர்ல கேட்டுருவோம்” என்றாள் ஜரினா.

திங்கட்கிழமை காலை, கடற்கரைப் பக்கம் மார்கரெட் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுசுக்கு இருவரும் நடந்தார்கள். வெள்ளைக்காரர்களிடம் ஜரினா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்க வேண்டிய இங்கிலீஷ் வாக்கியத்துக்காக வழியெல்லாம் உதடு அசைந்தது. ‘கேவ்’ போட்டு ‘வுட்’ போட்டால், சும்மா பேச்சுக்குக் கேட்பது போல் ஆகிவிடும். சட்டை தயாராக இருக்கிறது, கொடுக்கப் போகிறோம், அதனால் ‘கிவ்’, ‘வில்’ என்று முடிவு செய்தாள்.

மார்கரெட் வராந்தாவில் இருந்தாள். ஜரினா தலையிலிருந்த துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டாள்: “இஃப் வி கிவ் த ஷர்ட்ஸ் டுடே, வில் யூ டேக் தெம்?”

மார்கரெட் புரியாமல் இருவரையும் பார்த்தாள். ஜலால் பையிலிருந்து சட்டைகளை எடுத்ததும் அவள் முகம் சிவந்தது. “ஓ, ஐ வுட் இஃப் ஐ குட்” என்று தொடங்கி ஏதோ வேகமாகச் சொன்னாள்.

“ஐ வுட்னுதான சொல்றாங்க?” என்று ஜலால் மெதுவாகக் கேட்டான்.

“முடிஞ்சா எடுப்பேன், முடியலன்னு சொல்றாங்க. அந்த ஆறும் சிநேகிதருங்களுக்கு எடுக்கலாம்னு இருந்தாங்களாம். அவங்க நேத்து காலைலயே ஊருக்குப் போயிட்டாங்களாம்.”

மார்கரெட் மன்னிப்புக் கேட்டாள். ஒரு சட்டையைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். “நோ மேடம்” என்றான் ஜலால். ‘எஸ்’ இல்லாமல் அவன் அவளுக்குச் சொன்ன முதல் பதில் அது. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்: சட்டைகள் வராந்தாவில் தொங்கட்டும், தங்க வருகிறவர்கள் கேட்டால் கடையைக் காட்டிவிடுகிறேன் என்று.

திரும்பி வரும்போது ஜலால் காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான். பிறகு, “யூனிபார்மை ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா...” என்று ஆரம்பித்தான்.

“பள்ளிக்கூடத்துக்காரங்க சண்டைக்கு வந்திருப்பாங்க. வாங்க.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மாதத்துக்குள் இரண்டு சட்டை போயிற்று. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. ஜலால் கொண்டுவந்து தானே போட்டுக்கொண்டான். தோள் கொஞ்சம் தொங்கியது. ஜரினா பரீட்சையில் இங்கிலீஷ் பாஸ் செய்தாள். கணக்கு போய்விட்டது, மறுபடியும் பணம் கட்டினாள். இந்தத் தடவை கட்டச் சொன்னது ஜலால்தான்.

அதற்குப் பிறகு இங்கிலீஷ் பேசுகிறவர் யார் வந்து எதைச் சொன்னாலும், நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜலால் நிதானமாகக் கேட்பான்: “மேடம், வில்லா, வுட்டா?” சிலர் விழிப்பார்கள். சிலர் சிரித்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

“அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுங்க, இலக்கணமே இல்ல அது” என்றாள் ஜரினா.

“பதில் வருதுல்ல?” என்றான் ஜலால்.