கீழ்ப்பெட்டி

"அப்போ இவ எப்ப வேலைய விடறா?"

பெரிய மருமகள் இப்படிக் கேட்டபோது வீட்டில் எல்லோருடைய வாயிலும் இனிப்பு இருந்தது. சின்ன மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று டாக்டரம்மா அன்று காலையில்தான் உறுதியாகச் சொல்லியிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து வந்த செய்தி. மாமனார் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்கு ஓடி ஒரு டப்பா இனிப்பு வாங்கி வந்தார். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் இது நல்ல சாக்கு என்று தானும் இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து பெரியவள், காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி, யார் முகத்தையும் பார்க்காமல் அந்தக் கேள்வியைப் போட்டாள்.

மாமியார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். அதற்கென்ன இப்போது அவசரம், மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றாள்.

"எனக்கு மட்டும் அவசரமா இருந்துச்சே, அத்தை" என்றாள் பெரியவள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. பெரியவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். முதல் பிள்ளை வயிற்றில் தங்கிய உடனே வேலையை விடச் சொன்னார்கள். பரீட்சை வரைக்குமாவது போகிறேன், பிள்ளைகளைப் பாதியில் விட மனசு வரவில்லை என்று அவள் கெஞ்சினாள். யாரும் காது கொடுக்கவில்லை. புருஷன்காரன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் போட்ட கணக்கெல்லாம் எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு என்பதுதான். சின்னவள் அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் காலையில் அவளுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்ததும் அதே பெரியவள்தான். ஒருநாள்கூட மறந்ததில்லை.

சின்னவளின் வேலை என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. "ஆகாசத்துல செடி வளக்கறா" என்பார் மாமனார். அது பாதி சரி. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தோட்டக்காரர்கள் அல்ல. அவர்கள் என்ன செய்ய வேண்டும், எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், வேர் பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் கீழே உட்கார்ந்து யோசித்து, எழுதி, பழக்கிக் கொடுப்பவள் அவள். விதைகளைச் சின்னச் சின்னத் தட்டுகளில் பசை வைத்து ஒட்டி, ராக்கெட் கிளம்புவதற்குச் சற்று முன்னால் செடி வளரும் பெட்டியோடு கைமாற்றிவிடுபவளும் அவள்தான். இந்த முறை மேலே போயிருந்தது கடுகுச் செடிக்கு உறவான ஒரு குட்டிச்செடி. வேர்கள் எடையில்லாத இடத்தில் எந்தத் திசையைக் கீழ் என்று நினைத்துக்கொள்கின்றன என்று பார்ப்பதற்காக அவளே பல வருடம் மன்றாடி வாங்கிய சோதனை. பெட்டி திரும்பி வரும்போது அதைத் திறக்கும் கை தன் கையாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அதற்கு இன்னும் சில மாதம் இருந்தது.

மேலே போன பெட்டிக்குக் கீழே, அவள் ஆய்வுக்கூடத்தில், ஒரு ஜோடி உண்டு. அதே விதை, அதே தண்ணீர், அதே விளக்கு. மேலே நடந்ததெல்லாம் ஒருநாள் கழித்துக் கீழ்ப்பெட்டிக்கும் நடக்கும், நடத்துபவள் அவள். மேலே தண்ணீர் தாமதமானால் கீழேயும் தாமதம். மேலே சூடு ஏறினால் கீழேயும் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால்தான், மேலே இருக்கும் செடி வாடியதற்கு எடையில்லாமை காரணமா, இல்லை தண்ணீர் வராததுதான் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

இனிப்பு தின்ற அதே வாரத்தில் மேலே ஒரு கூத்து நடந்தது. அங்கே தீ விபத்து ஒத்திகை வைத்தார்கள். ஒத்திகையில் யாரோ ஒருவர் பெட்டியின் விளக்குக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முடிந்ததும் திரும்பப் போட மறந்துவிட்டார். கீழே திரையில் விளக்கின் வெளிச்சத்தைக் காட்டும் கோடு படுத்துவிட்டதைச் சின்னவள் உடனே பார்த்துவிட்டாள். அதற்குள் மேலே இருப்பவர்கள் தூங்கப் போயிருந்தார்கள். எழுப்பிச் சொல்லுங்கள் என்று குழுத் தலைவரிடம் போய் நின்றாள். செடிக்காக ஆளை எழுப்பும் வழக்கம் இல்லையம்மா என்று அவர் தன்மையாகவே சொன்னார். அவர்கள் தூங்கி எழுந்து, காலை வேலையெல்லாம் முடித்து, ஆற அமர வந்து விளக்கைப் போடும்வரை அவள் திரையைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் கீழ்ப்பெட்டியின் முறை. கண்ணாடிக்குப் பின்னால் செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. ஒரு குறையும் இல்லாத செடிகள். உரிய நேரம் வந்ததும் அவள் போய் விளக்கை அணைத்தாள். இதற்கு முன்னும் இப்படி எத்தனையோ செய்திருக்கிறாள், அப்போதெல்லாம் ஒன்றும் தோன்றியதில்லை. அன்றைக்கு விசையிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். யாரோ மறந்து செய்ததை இவற்றுக்கு நாம் தெரிந்தே செய்கிறோமே என்று இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டபோது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தாள்.

அவர் அதை மனதில் வைத்துக்கொண்டாரோ என்னவோ, சாயங்காலத்துக்குள் விஷயம் குழுத் தலைவர் வரை போய்விட்டது. அவர் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, பெட்டி வரும்போது உங்களுக்கு மாதம் ஏறியிருக்குமே என்றார். பெட்டி தரையிறங்கினதும் வேரைப் பதப்படுத்தும் மருந்தைக் கையாள வேண்டும், வயிற்றுப்பிள்ளைக்காரி அதன் பக்கத்தில் போகக்கூடாது. மருந்தை வேறொருவர் கையாளட்டும், நான் தள்ளி நின்று சொல்கிறேன் என்றாள் அவள். முன்பு அதே குழுவில் உண்டாகியிருந்த ஒரு அம்மாவும் இதையேதான் கேட்டாராம், அப்போது முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"அவங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு நான் பண்ண முடியுமாம்மா? நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க" என்றார்.

வீட்டில் அனுமதி என்று ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் அவள் அலுவலகத்தோடு மோதிப் பார்த்திருப்பாள். மேலிடத்துக்குப் போயிருப்பாள். அலுவலகம் கைகொடுத்திருந்தால் வீட்டோடு மல்லுக்கட்டியிருப்பாள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் ஒருத்தி எந்தக் கதவைத் தட்டுவாள்?

புருஷனிடம் பேசினாள். நல்லவன்தான். அவள் வேலையைப் பற்றி நண்பர்களிடம் வாய் வலிக்கப் பீற்றிக்கொள்பவன். தனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்றான். ஆனால் அண்ணிக்கு என்ன பதில் சொல்வது, அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று திருப்பித் திருப்பி அதையே சொன்னான். மாமியாரும் அப்படித்தான். உன்மேல் எனக்குக் கோபமா தாபமா, நீ போனால் எனக்கென்ன, பெரியவள் குமுறிக்கொண்டிருக்கிறாளே என்றாள். மாமனார் தனக்கு இரண்டு மருமகளும் இரண்டு கண் மாதிரி என்று சொல்லி எழுந்து போய்விட்டார். பெரியவளைத் தடுத்தது தவறு என்று அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. அந்தத் தவறைச் சரிசமமாகப் பங்கு வைத்துவிட்டால் அது நியாயமாகிவிடும் என்று அத்தனை பேரும் நிஜமாகவே நம்பினார்கள்.

கடைசியில் அவள் பெரியவளிடமே போனாள். பெரியவள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பெட்டி வர்ற வரைக்கும்தான் கேக்கறேன். அதுக்கப்புறம் நானே நின்னுடறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வீட்ல யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

பெரியவள் கத்தியை நிறுத்தவில்லை. "நானும் பரீட்சை வரைக்கும்தான் கேட்டேன். எனக்காக யார் சொன்னா?"

"அப்போ நான் இங்க இல்லையேக்கா."

"இருந்திருந்தா சொல்லியிருப்பே. தெரியும். நீ நல்லவ." பெரியவளின் குரல் கொஞ்சம் உடைந்தது. "உன்னைப் போன்னு நான் சொல்லிட்டா, அன்னைக்கு என்னை நிறுத்தினதுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமப் போயிடும். இந்த வீட்ல இப்படித்தான்னு நெனச்சுத்தான் இத்தனை வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இல்ல, என்னை மட்டும்தான் இப்படிப் பண்ணினாங்கன்னு ஆயிட்டா நான் எங்கே போறது?"

சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எங்க வேலையிலயும் இப்படித்தான்க்கா. ஒண்ணு இருட்டுல கெடந்தா இன்னொண்ணையும் இருட்டுல வைப்போம். ஆனா அது எதுக்கு வாடுச்சுன்னு தெரிஞ்சுக்கறதுக்காக. இங்க நம்ம ரெண்டு பேரையும் வச்சு யார் என்ன தெரிஞ்சுக்கப் போறாங்க?"

பெரியவள் நறுக்கிய காயை அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். அன்று குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. மாமனார்கூட ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

மாதக் கடைசியில் சின்னவள் வேலையை விட்டாள். உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு பூச்செண்டு கொடுத்து, நன்றாக ஓய்வெடுங்கள் என்றார்கள். மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் பெரியவள் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிவிட்டாள். கட்டி முடித்தபிறகுதான் நினைவு வந்தது. அவசர அவசரமாக அவிழ்த்துப் பாத்திரத்தில் கொட்டினாள். சின்னவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பெட்டி திரும்பி வந்த அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மாமனாருடன் பல வருடம் வேலை பார்த்தவரும் அவர் மனைவியும். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி தரையிறங்கிய செய்தியை அதில் ஒரு நிமிடம் காட்டினார்கள். கையுறை போட்ட யாரோ ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போனார். நிறைமாத வயிற்றோடு அடுப்படி வாசலில் நின்று சின்னவள் அதைப் பார்த்தாள். எதையும் சாய்க்காமல் தூக்குகிறாரே, பரவாயில்லை, பழக்கிவிட்டது வீண்போகவில்லை என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. உள்ளே வந்து பாலை அடுப்பில் ஏற்றினாள்.

கூடத்திலிருந்து மாமனாரின் குரல் கணீரென்று கேட்டது. இப்போது காட்டினார்களே, அது எங்கள் சின்ன மருமகள் வளர்த்த செடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் மட்டும் லேசுப்பட்டவளா, கணக்கு டீச்சர், அவளிடம் படித்த பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். இரண்டு பேரும் அத்தனையையும் விட்டுவிட்டு வீடே கதி என்று இருக்கிறார்கள், ஒருத்திக்கு ஒன்று இன்னொருத்திக்கு ஒன்று என்ற பேச்சே இங்கே கிடையாது, இருவரையும் ஒரே மாதிரிதான் வைத்திருக்கிறோம் என்றார். விருந்தாளியின் மனைவி, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்று பெருமூச்சு விட்டார். அவர் வீட்டில் மருமகள்களுக்குள் தினம் சண்டையாம்.

சின்னவள் டீயை ஊற்றித் தட்டில் வைத்தாள். தூக்கப் போனபோது பெரியவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தட்டைத் தான் வாங்கிக்கொண்டாள்.

கூடத்தில் எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்தபிறகும் பெரியவள் அங்கிருந்து நகரவில்லை.

"ஒரே மாதிரி இல்ல மாமா" என்றாள். சாதாரணமான குரலில்தான் சொன்னாள். "என்னை நிறுத்தினது நீங்க. இவளை நிறுத்தினது நான்."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். விருந்தாளி ஒன்றும் புரியாமல் மாமனாரையும் பெரியவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க பெரிய மருமக நல்லா தமாஷாப் பேசறாங்க."

"டீச்சரா இருந்தவ இல்லையா" என்றார் மாமனார் பெருமையாக. "டீ ஆறுது, குடிங்க."