வெறுந்தண்ணீர்க் குழு

சியாங்மாய் நகருக்கு மேற்கே, மலையடிவாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் எலிக்கூடத்தில், மழை தொடங்கிய மூன்றாவது வாரம், பதினான்காம் கூண்டின் ஆண் எலிக்குப் பால் சுரந்தது. ஆண் எலிக்கு முலைக்காம்பே கிடையாது என்கிறது பாடப்புத்தகம். இதற்குப் பன்னிரண்டு இருந்தன. செவ்வாய்க்கிழமை எடை போட்டபோது ஒன்றுகூட இல்லை, வியாழக்கிழமை பார்த்தால் இரண்டு வரிசையாக இருந்தன. கிழங்கு தின்ற எலியாக இருந்தால் பேராசிரியைக்கு மாலை போட்டுக் கொண்டாடியிருப்பார்கள். இந்த எலி குடித்ததெல்லாம் வெறும் தண்ணீர்.

கிழங்கு என்பது மலைக்காட்டில் கொடியாகப் படரும் குவாவ் கிழங்கு. வயதானவர்கள் அதைக் காயவைத்து இடித்துத் தேனில் குழைத்து மிளகளவு உருட்டி விழுங்குவார்கள். இளம் வயதினர் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அது பெண் ஹார்மோனைப் போல வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, ஆச்சான், அதாவது ஆசிரியர், என்று எல்லோரும் அழைக்கும் பேராசிரியை பிரபாய் எட்டு வருடங்களாக எலிகளோடு குடித்தனம் நடத்திவந்தார். இந்தச் சுற்றில் அறுபது ஆண் எலிகள். முப்பதுக்குக் கிழங்குப் பொடி, முப்பதுக்குத் தண்ணீர். இரண்டையும் ஒப்பிட்டால்தான் பொடியின் வேலை இன்னதென்று சொல்ல முடியும். தண்ணீர் குடித்த எலி தன் பாட்டுக்குச் சும்மா இருக்க வேண்டும். அதன் உத்தியோகமே அதுதான்.

கூண்டு கழுவித் தீனி போடுகிறவர் காம்சேன். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர். முன்பு காட்டுக்குப் போய்க் கிழங்கு தோண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்ததும் ஆச்சான் அவரை எலிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த வாரம் அடுத்த அறையில் ஒரு தாய் எலி ஒன்பது குட்டிகளை விட்டுவிட்டுச் செத்துப்போனது. அநாதைக் குட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்பது விதி. காம்சேனுக்குக் கை வரவில்லை. கிழங்கு எலிகளைத் தொட்டால் ஆச்சான் வைவார் என்பதால் தண்ணீர்க் குழுவின் பதினான்காம் கூண்டில் அவற்றை விட்டார். இரண்டாம் நாள் ஒன்பதும் வயிறு புடைக்கத் தூங்கின.

பாட்டிலை மாற்றி வைத்துவிட்டாரா என்று ஆச்சான் மூன்று முறை கேட்டார். காம்சேன் மூன்று முறையும் புத்தர்மேல் சத்தியம் செய்தார். பிறகு ஆச்சானே பாட்டில்களையெல்லாம் அலமாரியில் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிழங்கு எலிகளோடும் தண்ணீர் எலிகளோடும் குட்டிகளைச் சரிசமமாக விட்டு மறுபடி பார்த்தார். கிழங்கு எலிகளிடம் எதிர்பார்த்த மாற்றமெல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. விரைகள் சுருங்கின, கொழுப்பு கூடியது, சண்டை குறைந்தது. ஆனால் ஒரு சொட்டுப் பால் இல்லை. குட்டி கத்தினால் திரும்பிப் படுத்துக்கொண்டன. வெறுந்தண்ணீர் குடித்தவற்றில் ஆறு எலிகள் பால் கொடுத்தன.

குளிர்காலத்தில் பாங்காக்கிலிருந்து ஆராய்ச்சியைச் சரிபார்க்க மூன்று பேர் கொண்ட குழு வரும். ஒப்பீடு சரியில்லை என்று அவர்கள் எழுதினால் அறுபது எலிகளையும் கொன்றுவிட்டு அறையைத் தட்டச்சுப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆறையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று காம்சேன் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"எடுத்துட்டா அதுங்க என்னையே பாத்துக்கிட்டு இருக்கும் அண்ணே" என்றார் ஆச்சான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

இதற்கிடையில் காம்சேனின் அக்கா மகள் சாய்சமோனுக்குப் பூக்கெட்டில் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. புருஷன் போன இடம் தெரியாது. நான்கு மாதப் பெண் குழந்தை பூயியை மாமாவிடம் விட்டு, ஏழு டின் பால்மாவும் வாங்கி வைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள். பூயி டின் பாலை வாயில் வைத்த வேகத்தில் துப்பினாள். கரண்டி, பாட்டில், துணித்திரி எதுவும் பலிக்கவில்லை. ஐந்து நாளில் சுகாதார நிலையத்துத் தராசில் அரைக்கிலோ குறைந்தாள். ஆறாம் நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவளை மார்போடு தூளி கட்டிக்கொண்டு காம்சேன் வேலைக்கு வந்தார். பதினான்காம் கூண்டின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, குட்டிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்த எலியை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அதன்மேல் கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது. சட்டை நனைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. மழை ஒழுகுகிறதென்று கூரையை அண்ணாந்து பார்த்தார். கூரை சரியாக இருந்தது. பூயி தானாகவே நனைந்த பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் அவருக்கு வந்தது வெட்கம்தான். புழுக்கத்திலும் குளிர்ச்சட்டை போட்டுத் திரிந்தார். பிக்-அப் ஓட்டும் சிநேகிதன் ஒருவன், "என்னடா, இந்த வெயில்ல பொண்ணு பாக்கவா போற" என்று கேட்டதிலிருந்து அந்த வழியாகப் போவதையே விட்டார். ஆனாலும் ஒரு நாளைக்கு ஆறு முறை, தீனிக் கிடங்கில் மூட்டைகளுக்குப் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்திருந்தபோது, இதுவரை ஒருவருக்கும் இவ்வளவு அவசியமானவராக அவர் இருந்ததில்லை என்ற எண்ணம் வந்தது. பூயியின் தொடையில் மடிப்பு விழுந்தது. ஆச்சான் அதைக் கவனித்தார். மேசைமேல் ஒரு அடுக்கு துண்டு புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது.

டிசம்பரில் குழு வந்தது. தலைவர் டாக்டர் கிரியாங், அறுபதை நெருங்கியவர், சிரிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது போன்ற முகம். அட்டவணைகளைப் புரட்டினார். ஆறு எலிகளின் வரிசையில் விரலை வைத்து, யாரோ கிழங்கைக் கலந்திருக்கிறார்கள், அல்லது அறையில் பொடி பறக்கிறது, இரண்டில் எது என்று கேட்டார். ஆச்சான் இரண்டும் இல்லை என்றார். அப்போதுதான் தீனிக் கிடங்கிலிருந்து பூயியின் அழுகை கிளம்பியது.

காம்சேன் நகரவில்லை. அவர் சட்டையில் இரண்டு வட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. போனால் கதை முடிந்தது. கூலிக்காரனே கிழங்கைத் தின்கிறான், இவன் கழுவிய கூண்டை நம்பியா எட்டு வருட ஆராய்ச்சி என்று எழுதிவிடுவார்கள். எலிகளும் போகும், ஆச்சானின் பெயரும் போகும். அவர் ஆச்சானைப் பார்த்தார்.

"போங்கண்ணே, பசிக்குது அவளுக்கு" என்றார் ஆச்சான்.

அவர் போய்த் தூக்கி வந்தார். ஒளிந்து ஒளிந்து அலுத்துவிட்டிருந்தது. மூன்று பெரிய மனிதர்கள் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து சட்டையைத் திறந்தார். அறையில் பூயி விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"எப்போலேர்ந்து?"

"நாலு மாசமாச்சுங்க ஐயா."

"கிழங்கு தின்னீங்களா?"

"இல்லைங்க. வருஷக்கணக்கா தோண்டினவன், அந்த வாடையே ஆகாது. தண்ணிதான் குடிக்கிறேன்."

தலைவர் ஏதோ எழுதப்போனார். பேனாவை எடுக்கத் தொட்ட சட்டைப்பை நனைந்திருந்தது. மை கசிந்துவிட்டதென்று விரலைப் பார்த்தார். விரல் நீலமாக இல்லை. அவருக்கு ஆறு வார வயதில் இரட்டைப் பேரக்குழந்தைகள் உண்டு, ஒன்று சவலையாக இருந்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த சேதி. அப்போதைக்கு அவர் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டுக்கொண்டு, மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார். ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது. கிழங்கு பெண் ஹார்மோனைப் போல வேலை செய்கிறது என்பது ஐயமில்லாமல் காட்டப்பட்டிருக்கிறது. தண்ணீரைப் பற்றி மேலும் ஆராய வேண்டும், ஆகவே ஐந்து வருட நீட்டிப்பு. ஆச்சான் அன்றைக்கே அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்தார். வெறுந்தண்ணீர்க் குழு, எண் முப்பத்தொன்று, எடை அறுபத்து நான்கு கிலோ. சுகாதார நிலையத்து நர்ஸ் பூயியின் அட்டையில் தாய்ப்பால், டின் பால் என்ற இரண்டு கட்டங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாய்ப்பாலில் கோடு போட்டாள். அதோடு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று காம்சேனிடம் சொல்லி அனுப்பினாள்.

ஏப்ரலில், புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு, சாய்சமோன் விடுமுறையில் வந்தாள். தெருவில் எல்லோர் மேலும் எல்லோரும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்ததால் யார் சட்டை எதனால் நனைந்தது என்று அன்றைக்குக் கணக்கில்லை. காம்சேன் வாசலில் பூயியோடு உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய்விடுவாளோ என்று ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை அவருக்கு. சாய்சமோன் பையைக் கீழே வைத்தாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், தொடை மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். கொஞ்சம் அழுதாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், வாழைப்பூவும் பன்றி எலும்பும் வாங்கி வந்து, பால் ஊறுவதற்கென்று பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கிற குழம்பை அடுப்பில் ஏற்றினாள்.

கிண்ணம் காலியானதும் மறுபடி நிரப்பினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்க மாமா" என்றாள். "அவளுக்குப் பத்தாது."

காம்சேன் ஊற்றிக்கொண்டார்.