கம்பத்தில் தொங்காத உடல்

எவரிஸ்தோ லிசாரகாவின் ஆளுநர் பதவி, நாட்டையே ஆட்டிவைத்த ஜெனரல் உர்ரூதியா போட்ட பிச்சை என்று மெக்சிகோவே பேசியது. அவரும் மறுத்ததில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவரிடம் மலை மாநிலத்தைத் தூக்கிக் கொடுத்தவர் ஜெனரல்தான். கோயில்களை அடை என்றார், அடைத்தார். பாதிரிகளை விரட்டு என்றார், விரட்டினார். விசுவாசத்துக்காகத் துப்பாக்கி தூக்கிய மலைக்காரர்களோடு சண்டை மூண்டபோதும் அவர் ஜெனரல் பக்கமே நின்றார். தலையாட்டி என்று கேலி பேசியவர்களைப் பார்த்தும் தலையாட்டினார்.

அந்தச் சண்டையில்தான் கோவேறு கழுதை ஓட்டும் நிக்கானோர் பிடிபட்டான். அவன் மகளின் ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நின்றவர் லிசாரகா. அன்றிலிருந்து இருவரும் கொம்பாத்ரேக்கள், பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தகப்பனுமாகச் சேர்ந்த உறவு. வாடா போடா என்று வளர்ந்தவர்கள், அதன்பின் ஒருவரையொருவர் நீங்கள் என்றே அழைத்தார்கள். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம். கொம்பாத்ரேயின் ரத்தம் கையில் படக்கூடாது.

தலைநகரிலிருந்து தந்தி வந்தது: சுடவும்.

மதியச் சாப்பாட்டைத் தொடாமல், லிசாரகா தானே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்கு ஓரத்துக் கற்றாழைக் காட்டுக்குப் போனார். கைதியை ஓடவிட்டு முதுகில் சுடுவதும், தப்பி ஓடினான் என்று எழுதுவதும் அந்நாளில் வழக்கம். நிக்கானோருக்கும் அது தெரியும்.

கட்டை அவிழ்த்துவிட்டு, "ஓடுங்க கொம்பாத்ரே," என்றார்.

"முதுகுல வேணாம். மூஞ்சியப் பாத்துச் சுடுங்க, அதான் மரியாதை."

லிசாரகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "இது இல்லாம எனக்கு மாடும் தெரியாது, மனுசனும் தெரியாது. ஓடுங்கங்கறேன்ல."

கற்றாழையில் இரண்டு குண்டுகள் பாய்ந்தன. தந்தி போயிற்று: தப்பியோடினான், சுடப்பட்டான்.

மனைவி ஹசிந்தாவிடமும் அதையே சொன்னார். வேறு வழியில்லை, அவளுக்குச் சந்தோஷம் வந்தால் சந்தைக்கே தெரிந்துவிடும். அவள் துக்கத்துக்குக் கறுப்புச் சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சோள ரொட்டி சுட்டுப் போட்டாள், சட்டை தேய்த்துக் கொடுத்தாள், பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். பாவம் மனிதர், தன் வீட்டிலேயே விருந்தாளியாகிப்போனார். எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

இரண்டு வருஷம் கழித்து, பெரிய பெரிய தளபதிகளெல்லாம் காத்திருக்க, ஜெனரல் இந்தத் தலையாட்டியை ஜனாதிபதி ஆக்கினார். விசுவாசத்துக்குக் கூலி என்றது ஊர்.

பதவியேற்கும் காலையில் லிசாரகாவின் மார்பில் மூவர்ணப் பதவிப் பட்டையைச் சரிசெய்துவிட்டபடியே ஜெனரல் சிரித்தார்.

"நீ தந்தி அடிச்ச வாரமே உன் ஊர் வழியா ரயில்ல வந்தேன். தந்திக் கம்பத்த எண்ணிக்கிட்டே வந்தேன்டா."

சுடப்பட்டவர்களின் உடலை ரயில்பாதையோரத் தந்திக் கம்பத்தில் தொங்கவிடாத ஆளுநர் நாட்டிலேயே கிடையாது. தந்தியில் பொய் எழுதிய லிசாரகா கம்பத்தை மறந்துவிட்டார்.

"உன் கொம்பாத்ரேயக் காணோம். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவன்தான் ஜனாதிபதின்னு. உன் குடுமி என் கையில. மத்தவனுகள எதச் சொல்லி மிரட்டுறது?" பிடிபடும் கலகக்காரர்கள் எல்லோரையும் சுட வேண்டும், முதல் உத்தரவு அதுதான், இன்றைய உரையிலேயே அறிவித்துவிடு என்றார்.

சபையில் லிசாரகா எழுந்தார். எழுதிவைத்த உரையை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். எதிரே ஜெனரலின் முகம் மங்கலானது. அதுவே போதும் என்றிருந்தது. நிக்கானோர் என்ற கைதியைத் தானே தப்பவிட்டதையும், பொய்த் தந்தி அடித்ததையும் சொன்னார். இன்று முதல் மலையிலிருந்து இறங்கி வருகிற அத்தனை பேருக்கும் மன்னிப்பு என்றார்.

உறுப்பினர்கள் ஜெனரலின் கைகளைப் பார்த்தார்கள். அவை அசையவில்லை. யாரும் கைதட்டவில்லை. நாற்காலி எத்தனை நாளைக்கு என்று லிசாரகாவுக்கே தெரியவில்லை.

சபையில் எல்லாவற்றையும் கேட்டிருந்த ஹசிந்தா, காரில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையில் சால்வை இல்லை, மடியில் கிடந்தது. வெகுதூரம் போன பிறகு வாயைத் திறந்தாள்.

"மலையில குளிருமே. கொம்பாத்ரேக்கு ஒரு போர்வையாவது குடுத்து அனுப்புனீங்களா?"

இல்லை என்று தலையாட்டிய ஜனாதிபதி, டிரைவர் இருக்கிறான் என்றும் பாராமல் அழுதார்.