பின்சக்கரத்துக்கு எதைப் போடுவது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. தங்கை கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தபோது எழுத ஆரம்பித்தது.

"அண்ணா, போட்டிக்கு எந்த டயர் போடட்டும்?" என்று கேட்டாள்.

எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. மிக்ஸிக்கும் கீசருக்கும் கூடவே ஒரு விளக்கக் கையேடு வருமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் போடுவார்களே, அதை எழுதுவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டுக்கும் வாசகர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அண்ணனாகப் பிறந்துவிட்டால் அந்த வார்த்தை வாயில் வராது. யோசித்து எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண் தன் சைக்கிளுக்கு டயர் தேர்ந்தெடுக்கிற கதை எழுதுவது, கதையில் அவள் எதை எடுக்கிறாளோ அதையே தங்கைக்கும் சொல்லிவிடுவது. இதுதான் திட்டம்.

2

முதல் தொடக்கம்: "விடிந்தும் விடியாத வேளையில், ஈரச் சாலையைக் கிழித்துக்கொண்டு மின்னலாக ஒரு சைக்கிள்—"

விட்டுவிட்டேன். தங்கைக்கு நாற்பத்து மூன்று வயது. மின்னலாகவெல்லாம் போகமாட்டாள். போவாள், வந்துவிடுவாள், அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "டயர்கள் இரு வகைப்படும்."

கையேட்டுப் புத்தி எங்கே போகும். ஆனாலும் இதை அடிக்கவில்லை, ஏனென்றால் அவளிடம் இருப்பதும் இரண்டு வகைதான். ஒன்று முழுக்கக் கறுப்பு. தினசரிப் பயிற்சிக்கு. ரப்பருக்கு அடியில் கெட்டியான ஒரு பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள், கண்ணாடித் துண்டோ முள்ளோ லேசில் ஏறாது. ஆனால் கனம், அதோடு முரட்டுத்தனம். இன்னொன்று பழுப்பு ஓரம் வைத்தது. பந்தயத்துக்கு. கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்கும். சாலையோடு குழைந்து ஓடும். போட்டி தூரமான நூற்றிருபது கிலோமீட்டருக்கு ஆறேழு நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு போதும், உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் பயிற்சிக்குக் கறுப்பு, பந்தயத்துக்குப் பழுப்பு, கதை முடிந்தது, அப்படித்தானே? நானும் அப்படித்தான் ஒரே பக்கத்தில் முடித்துக் கொடுத்தேன். மறுநாள் சிவப்புப் பேனாவோடு திரும்பி வந்தது.

[ஓரத்தில் அவள் எழுதியது: கறுப்பு டயர்ல பஞ்சரே ஆகாதுன்னு எழுதியிருக்க. ஆகும். எப்பவாவதுதான் ஆகும். ஆனா ஆச்சுன்னா கழட்ட முடியாது. அதை எழுது.]

3

அதை எழுதுகிறேன். கதையில் அவளை "அவள்" என்றுதான் சொல்லப் போகிறேன். மூன்று பெயர் வைத்துப் பார்த்தேன். தங்கை மூன்றையும் வட்டம் போட்டு, "யாரு இவ?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மெல்லிய கம்பிச் சட்டத்துக்குள் கீறல் படாமல் லென்ஸை அழுத்தி உட்காரவைக்க அந்தக் கடையில் அவள் விரல்தான் வேண்டும். முதலாளியே செய்தாலும் ஒருமுறைக்கு இருமுறை உடைப்பார்.

போன வருடப் போட்டியில் எண்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் அவள் பின்சக்கரத்தில் கம்பித்துண்டு ஒன்று ஏறியது. கறுப்பு டயர்தான். இறங்கினாள், சக்கரத்தைக் கழற்றினாள். ட்யூப் மாற்ற வேண்டுமானால் முதலில் டயர் ரிம்மை விட்டு வெளியே வர வேண்டும். வரவில்லை. டயரை நெம்புகிற பிளாஸ்டிக் லீவர் ஒன்று உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. நகம் பெயர்ந்தது. கடந்து போனவர்கள் எல்லாரும் கடந்து போய் முடித்தபிறகு, கடைசி வண்டி வந்து அவளுக்குப் பின்னால் நின்றது.

கடைசி வண்டி என்றால், போட்டியின் வாலில் வருகிற வேன். யாரையும் முந்தாது. பின்தங்கி நேரம் தாண்டியவர்களை ஏற்றிக்கொள்ளும். அதை ஓட்டுவது அவள் கணவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார், வருடா வருடம் இந்த வேலைக்கு அவர்தான். வெளியாள் யாராவது சைக்கிளில் கை வைத்தால் ஓட்டியவரின் நம்பரை அடித்து, போட்டியை விட்டே நீக்கிவிடுவார்கள். விதி அப்படி.

பத்தொன்பது நிமிடம் அவள் அந்த டயரோடு மல்லுக்கட்டினாள். பத்தொன்பது நிமிடமும் அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போன் வந்தது, அந்த இடத்துக்கான நேரம் முடிந்தது என்று. இறங்கி வந்து பக்கக் கதவைத் திறந்து, "ஏறும்மா" என்றார்.

ஏறினாள். வீடு வரைக்கும் பேசவில்லை. வீட்டு வாசலில் ஒன்றே ஒன்று சொன்னாள். "இனிமே என் சைக்கிளைத் தொடாதீங்க."

அவர் தொடாததுதானே அங்கே பிரச்சினை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அதான்" என்றாள்.

விதி அவளுக்குத் தெரியும். அவர் தொட்டிருந்தால் எல்லாமே போயிருக்கும் என்பதும் தெரியும். தெரிந்துகொள்வது ஒரு பக்கம், பத்தொன்பது நிமிடம் இன்னொரு பக்கம்.

அடுத்த வருடம் இந்தப் போட்டியை நூற்றெண்பது கிலோமீட்டராக்கப் போகிறார்கள். அது தன்னால் ஆகாது என்று அவளே சொல்கிறாள். ஆக, ஐந்து மணி நேரத்துக்குள் முடிவுக் கோட்டைத் தொட அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு வருடம்தான். டயர் கேள்வி ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது என்று இப்போது புரிந்திருக்கும்.

4

(இந்தப் பகுதி தங்கைக்குக் கொடுத்த பிரதியில் கிடையாது.)

இரண்டாம் வரைவைக் கொடுக்க ஒரு மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் கடையில். மாப்பிள்ளை இரண்டு வகுப்புகளுக்கு நடுவே சாப்பிட வந்திருந்தார். சாப்பாடு மேசையில் மூடியபடி இருந்தது. அவர் சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து, பின்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கட்டை விரலிலும் பிளாஸ்டர்.

கறுப்பு டயரைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

என்னைப் பார்த்ததும் மிட்டாய் திருடியவர் மாதிரி ஆகிவிட்டார். பிறகு தானே விளக்கம் சொன்னார். புது டயர் கல் மாதிரி இருக்குமாம். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இளகுமாம். இதோடு எழுபத்திரண்டு தடவை ஆயிற்றாம். முடித்ததும் டயரில் இருக்கிற எழுத்து சரியாக வால்வுக்கு நேராக வரும்படி திருப்பி வைத்தார், அவள் அப்படித்தான் வைப்பாள் என்பதால். கடைசியில் காற்றும் அடித்தார். குறைந்துவிடக் கூடாதே என்று இரண்டு அமுக்கு கூடவே அடித்தார்.

"ரோட்டுல தொட்டாதான் நம்பர் போகும் மச்சான். வீட்டுல தொட்டா போகாதுல்ல?"

அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. நீ பாட்டுக்கு கதையில போட்டுடாத."

போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்தபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

5

இப்போது கதை கெட்டுப்போயிற்று. மேலே சொன்னதைச் சேர்க்க முடியாது. சேர்க்காவிட்டால் கணவர் பாத்திரம் வெறும் மரக்கட்டை. நானோ முடிவு எழுதியே ஆக வேண்டும், போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

முடிவு ஒன்று: அவள் பழுப்பு டயர் போடுகிறாள். பஞ்சர் ஆகவில்லை. நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

[அவள் குறிப்பு: சந்தோஷம். ஆனா இது கதை இல்ல, உன் ஆசை.]

முடிவு இரண்டு: அவள் பழுப்பு டயர் போடுகிறாள். முப்பதாவது கிலோமீட்டரில் பஞ்சர். கையாலேயே கழற்றி நான்கு நிமிடத்தில் ட்யூப் மாற்றிவிடுகிறாள். அறுபதில் மறுபடியும் பஞ்சர். மாற்றுவதற்கு ட்யூப் இல்லை. கடைசி வண்டி வந்து நிற்கிறது. கணவர் இறங்கி வந்து கதவை—

என்னால் இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கதைதானே என்று சொல்லிப் பார்த்தேன். அவளை இரண்டாவது தடவையும் அந்த வேனில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. இந்தத் தாளை அவளிடம் காட்டவும் இல்லை.

(எழுதுகிறவன் பாத்திரங்களிடம் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். அதை எழுதியவருக்குத் தங்கை இருந்திருக்க மாட்டாள்.)

6

(இந்தப் பகுதி மாப்பிள்ளைக்குக் கொடுத்த பிரதியில் கிடையாது.)

மூன்றாம் வரைவைத் திருப்பிக் கொடுக்க அவளே நேரில் வந்தாள். சிவப்புப் பேனாக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் மேசையை ஒழுங்குபடுத்தினாள். அவள் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"அவரை ரொம்பக் கல்லாக்கிட்ட அண்ணா. அப்புறம், அந்த டயரை இன்னும் இறுக்கமாவே எழுதியிருக்க. இப்ப அது இறுக்கமா இல்ல."

நான் ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டேன். கையேடு எழுதுகிறவனுக்கு அது சுலபம்.

காலையில் ஓட்டும்முன் அவள் எண்பது பவுண்ட் காற்று வைப்பாளாம். எந்த டயரும் ஒரு நாளில் இரண்டு மூன்று பவுண்டாவது இறங்கும். இரண்டு மாதமாகப் பின்சக்கரத்தில் மட்டும் மறுநாள் காலையில் எண்பத்து மூன்று காட்டுகிறதாம். முதலில் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டயரைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். லீவர் இல்லாமல், வெறும் கையால், வந்துவிட்டது. அன்றைக்கு அவர் கட்டை விரலையும் பார்த்திருக்கிறாள்.

"வகுப்புல கியர் தேய்ச்சிடுச்சுன்னு சொன்னார். ஸ்கூல்ல இருக்கிற அத்தனை காரும் ஆட்டோமேட்டிக், கியர் மாத்துற வேலையே இல்ல."

சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள்.

"நீ அவர்கிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா கூச்சப்பட்டு நிறுத்திடுவார். இப்ப சொல்லு. பழுப்பு போட்டா நேரம் கிடைக்கும். கறுப்பு போட்டா அவர் பண்ணினது வீணாகாது. எந்த டயர்?"

டயரைப் பற்றி ஒன்றும் தெரியாதவனிடம் ஏன் டயர் கேள்வி கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தவர்கள் எடையும் வேகமும் சொல்லியிருப்பார்கள். இவர்கள் இருவரையும் நினைத்து சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, என் அறியாமைக்கு ஏற்ற ஒன்றைக் கேட்டேன்.

"ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர்தான் போடணுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ உளறிவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றேன். என் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆளின் எடை பின்னால்தான் அதிகம் விழுமாம், பஞ்சரும் பெரும்பாலும் அங்கேதான் ஆகுமாம்.

7

கணக்குப்படி மாப்பிள்ளைக்குச் செய்த சத்தியத்தை நான்காம் பகுதியிலும் தங்கை கேட்டுக்கொண்டதை ஆறாம் பகுதியிலும் மீறிவிட்டேன். அவரிடம் ஒரு பிரதி, அவளிடம் ஒரு பிரதி. முழுசாக இருப்பது உங்கள் கையில் மட்டும்தான். எங்காவது அவர்களைப் பார்த்தால், நல்ல மனிதர்கள், பேச்சுக் கொடுங்கள், டயர் பற்றிக்கூடக் கேளுங்கள். காற்று பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

8

போட்டி அன்று காலை மாப்பிள்ளையோடு வேனில் ஏறிக்கொண்டேன். மஞ்சள் சட்டை போட்ட தங்கை புறப்படும் இடத்தில் கூட்டத்தோடு நின்றாள். முன்சக்கரத்தில் பழுப்பு ஓரம். பின்சக்கரம் முழுக்கக் கறுப்பு. மாப்பிள்ளை பார்த்தார். சுத்தமாக இருந்த வேனின் முன்கண்ணாடியை இறங்கிப் போய் இன்னொரு தடவை துடைத்துவிட்டு வந்தார்.

"இன்னைக்கு அவ முதுகு என் கண்ணுல படவே கூடாது மச்சான்" என்றார், கிளப்பும்போது.

எண்பது கிலோமீட்டர் வரை எங்களுக்கு முன்னால் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர்தான் தெரிந்தார். தாட்டியான ஆள். ஏற்றத்தில் இறங்கி நடந்தார், இறக்கத்தில் பாடினார். அவர் இருந்தவரைக்கும் அவருக்கு முன்னால் யார் என்பது எங்களுக்குத் தெரிய வழியில்லை. தொண்ணூறில் நேரம் முடிந்து கையை விரித்தபடி வந்து வேனில் ஏறினார். தண்ணீர் குடித்துவிட்டு முன்னால் எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி ஒருத்தரையும் காணோமே. நான் ரொம்பப் பின்தங்கிட்டேனோ?"

"ரொம்ப" என்றார் மாப்பிள்ளை. அவர் அதைச் சொன்ன மகிழ்ச்சியில் பாவம் அந்த மனிதருக்கு முகம் வாடிவிட்டது.

இப்போது வேன் வேகமெடுக்க வேண்டும். அடுத்து யார் முதுகு தெரிகிறதோ அவர்தான் போட்டியின் கடைசி ஆள். ஒரு வளைவு வந்தது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கின் மேல் குனிந்து பார்த்தார். வெறும் சாலை. நிமிர்ந்தார். இன்னொரு வளைவு. குனிந்தார். வெறும் சாலை. நானும் அவரோடு சேர்ந்து குனிந்தேன், நிமிர்ந்தேன். ஐந்து மணி நேரம் முடிய இன்னும் முக்கால் மணி இருந்தது.

இத்தனை நாள் அவளை ஒரு வரியிலாவது பிடித்துவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். கதாநாயகி கண்ணில் படாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

"கதையில அவ போய்ச் சேந்துட்டாளா?" என்று கேட்டார், சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"தெரியல மாப்பிள்ளை. எனக்கும் தெரியற மாதிரி இல்ல. முன்னாடி போயிட்டா."

தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த வளைவு வருகிறது. நான் பேனாவை இங்கேயே மூடிவிடுகிறேன். அதற்கு அப்பால் யாரையாவது நிறுத்த வேண்டும் என்றால் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். நாங்கள் மூன்று பேரும், பச்சைச் சட்டைக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், குனிந்தாகிவிட்டது.