பாலத்தடியில் கிடைத்த அக்கா

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி மறுபடியும் தளர்ந்துவிட்டது. சத்யபாமா குனிந்து இறுக்கினாள். இலவசச் சவ வண்டி பர்மாவின் இன்சீனில் இருந்த அந்த வீட்டு வாசலுக்கு வந்து வெகுநேரமாகிவிட்டது. ஓட்டி வந்த பர்மியர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார். எப்போது எடுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"இனிமே தாங்காது புள்ள," என்றாள் அடுத்த வீட்டுத் தைலம்மாள். "எரிக்கிற எடத்துல குடுத்த நேரம் போயிரும். ஒன் வீட்டுக்காரரு கொள்ளி வைக்கட்டும்."

"தம்பி வந்துரும் அக்கா."

சொல்லிவிட்டுத் தெருமுனையை எட்டிப் பார்த்தாள். தம்பி முரளிதரன் மோல்மேனிலிருந்து பஸ் ஏறியிருந்தான். வழியில் பாலத்தடிச் சோதனைக் கேட்டிலிருந்து ஒரே ஒரு தடவை பேசினான். "எறக்கிட்டாங்க அக்கா. சீட்டு இல்லையாம்." அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

முரளிதரன் இதே வீட்டில் பிறந்தவன். அப்பா ரெங்கசாமியும் இங்கே, ரயில்வே பட்டறைச் சங்கு கேட்கும் தூரத்தில் பிறந்து, அந்தப் பட்டறைக்கே உழைத்து ஓடாய்த் தேய்ந்தவர். எண்பத்திரண்டில் வந்த குடியுரிமைச் சட்டத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? பாட்டன் என்ன இனம் என்று பார்த்து ஆளுக்கொரு நிறத்தில் அட்டை பிரித்தது. சத்யபாமா எப்படியோ குடிமகள் ஆகிவிட்டாள். அப்பாவும் தம்பியும் பிறந்த மண்ணிலேயே அந்நியர்களாக நின்றுவிட்டார்கள். அந்நியன் ஊர் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தகப்பன் செத்துப்போனால் யார் எழுதித் தருவார்கள்?

சரி, எடுக்கலாம் என்று அவள் தலையசைக்கப் போன நேரத்தில் டாக்சி ஒன்று வந்து நின்றது. முரளிதரன் ஓடி வந்து அப்பாவின் காலில் விழுந்தான். அவனுக்குப் பின்னால், கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிய, ஐம்பது தாண்டிய பர்மியப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள்.

"இவங்க இல்லாட்டி இன்னும் அங்கதான் குந்தியிருப்பேன்," என்றான் முரளிதரன், அழுகை அடங்கியதும். "பேரு டோ ஏ மூ. பஸ்ஸுல பக்கத்து சீட்டு, அவ்வளவுதான் பழக்கம். எனக்குப் பின்னாலயே எறங்கி வந்து, 'இவன் என் தம்பி, எங்கப்பா செத்துக் கெடக்குறாரு'ன்னாங்க. கேட்டுக்காரன் என் கறுப்பையும் இவங்க நெறத்தையும் பாத்துச் சிரிச்சான். 'அப்பா ஒண்ணு, அம்மா வேற'ன்னுட்டாங்க."

தைலம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பயும் அவன் விடல. தன் அடையாளக் கார்ட எடுத்து மேசையில வெச்சாங்க. 'திரும்பி வரப்ப வாங்கிக்கிறேன், இவன் ஓடிப்போனா என்னயப் புடி'ன்னாங்க."

எந்தப் பெண்ணையும் நிமிர்ந்து பார்த்தறியாத ரெங்கசாமிக்குச் செத்த அன்றைக்கு இன்னொரு குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. சத்யபாமாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு, காலையிலிருந்து வராத அழுகையும் சேர்ந்து வந்தது. அட்டை கையில் இல்லாமல் இந்தக் காலத்தில் தெரு முக்குக்குப் போகவே நெஞ்சு படபடக்கும். முன்பின் தெரியாத ஒருத்தி அதை வைத்துவிட்டு வந்து நிற்கிறாள். இந்தக் கடனை எந்த ஜன்மத்தில் தீர்ப்பது என்று சத்யபாமாவுக்குத் தெரியவில்லை.

"தம்பியக் கொண்டாந்து சேத்தாச்சு. நான் கெளம்புறேன்," என்றாள் டோ ஏ மூ பர்மியில்.

முரளிதரன் வாய்க்கரிசி போட்டு முடித்தான். அடுத்தது பெண்களின் முறை. அரிசியை அள்ளிய சத்யபாமா, இன்னும் வாசலில் நின்ற டோ ஏ மூவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூத்தவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படிப் போடுறது, அமா?" என்றாள் பர்மியில். அமா என்றால் அக்கா.

தைலம்மாள் சத்யபாமாவின் கையைத் தொட்டாள். "பெத்த புள்ளைங்கதான் புள்ள மொதல்ல போடணும்."

"அதான் கேட்டுலயே சொல்லியாச்சே அக்கா, எங்கப்பா பொண்ணுன்னு."

தைலம்மாள் சொம்பை எடுத்து டோ ஏ மூவின் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

டோ ஏ மூ முட்டி போட்டு உட்கார்ந்தாள். சத்யபாமா அரிசியை அவள் கையில் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்து, எந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டும் என்று காட்டினாள். அரிசி விழுந்தது. ஒரு மணி மட்டும் அப்பாவின் உதட்டோரம் ஒட்டிக்கொண்டது. டோ ஏ மூ அதை ஒற்றை விரலால் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டாள்.