மோரியில் சிக்கிய கொடும்பாவி

இறந்தவனின் சட்டை ஒன்று வேண்டும் என்று செல்லியம்மா என் வாசலில் வந்து நின்றபோது, ஆவணி மாதம். வெயில் மட்டும் சித்திரையைப் போல அடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மே தாட்சா, தப்பா எடுத்துக்காத. கொடும்பாவி கட்டறோம். உயிரோட இருக்கிறவன் துணிய அதுக்குப் போட முடியுமா, சொல்லு? இந்த வருசம் ஊர்ல போன ஆம்பள உன் வூட்டுக்காரரு ஒருத்தர்தான்."

மழை வராமல் போனால், தெலுங்கு எல்லைக்குள் இருக்கிற விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் செய்கிற காரியம் அது. மூங்கிலும் வைக்கோலும் வைத்து ஆள் உயரத்துக்கு ஒரு பாவியைக் கட்டுவார்கள். காலில் கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் மாரடித்துக்கொண்டே பின்னால் போவார்கள். அழுகை பாதி, கேலி பாதி. கடைசியில் ஏரிக்கரையில் கொளுத்திவிட்டால் பாவி ஒழிந்தான், மழை வரும்.

உள்ளே போய் நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் பழனி சந்தைக்குப் போகும்போது போடுகிற சட்டை. அந்த மே மாதம் உச்சி வெயிலில் நிலத்தை உழுதுவிட்டு வந்து தண்ணீர் கேட்டார். நான் சொம்போடு வருவதற்குள் சுவரோரம் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் 'வடதெப்ப' என்று தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னார்கள். வெயில் அடித்துவிட்டது, அவ்வளவுதான்.

அவர் உழுத அதே நிலத்தில் நான் வேர்க்கடலை விதைத்தேன். காரியம் முடிந்த அன்றைக்கே அவருடைய அண்ணன் கோவர்த்தனன் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: "இந்த ஒரு போகம் நீயே பாரும்மா. காய் வந்தா நெலம் உன் கையில. வரலைன்னா எங்கிட்ட வுட்டுட்டு பொண்ணோட திருப்பதியில போயி இரு." கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. ஆனால் என் மகள் பிரேமலதாவின் ஹாஸ்டல் ஊரில் நான் என்ன செய்வேன்? அந்த நிலத்தில்தான் அவருடைய கடைசி உழவு இருந்தது.

செடி பூவெடுத்த நேரத்தில் மழை நின்றுபோயிற்று. இலைகள் பகலிலேயே கூம்பிக்கொண்டன.

கொடும்பாவிக்கு அந்தச் சட்டை சரியாகப் பொருந்திவிட்டது. தொப்பை வேறு வைத்திருந்தார்கள். செல்லியம்மாதான் முன்னால் நின்று ஆரம்பித்தாள்.

"அட பாவி! போவும்போது மேகத்தையும் மூட்ட கட்டிக்கினு போனியேடா! ஏரியில கிரிக்கெட் ஆடறானுங்களேடா!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்னை இழுத்து முன்னால் விட்டாள். "நீ அழு. உனக்குத்தான் நெசமா வரும்."

வரவில்லை. சாவு வீட்டிலும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் மண்ணில் தேய்ந்துகொண்டு போகிற அந்தச் சட்டை முதுகைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தலையில துண்டு கட்டிக்கினு போன்னு சொன்னனே, கேட்டியா? மத்தியானத்துல என்ன ஏரு உனக்கு? துண்டு என்ன கனமா கனக்குது? சொல்லுய்யா!"

கொடும்பாவியைத் திட்டுகிறேன் என்று முதலில் சிரித்தவர்கள் அப்புறம் அடங்கிப்போனார்கள். கயிற்றைப் பிடித்திருந்த கோவர்த்தனன் திரும்பிப் பார்க்காமல் நின்றார். நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் காற்று மாறியது. கிழக்கே பிச்சாட்டூர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. புழுதி எழும்பி முகத்தில் அடித்தது. முதல் துளி என் கன்னத்தில் விழுந்தபோது கண்ணீர் என்றே நினைத்தேன்.

"மழ! மழடீ!"

என்ன ஆட்டம் அது! செல்லியம்மா அந்த உடம்பை வைத்துக்கொண்டு குதித்தாள். ஆண்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். எங்கள் தெருப் பையன் சாய்குமார் மட்டும் போனை இடுப்பில் மறைத்துக்கொண்டே, "நான்தான் காலையிலயே சொன்னனே, வாயுகுண்டம் வருதுன்னு போன்ல போட்டிருக்கான்" என்றான். புயல் சின்னத்துக்குத் தெலுங்கில் அப்படிப் பெயர்.

"போடா, உன் போன வெச்சா தெருவுல இழுத்தோம்?" என்றாள் செல்லியம்மா.

இடி விழவும் எல்லாரும் வீடுகளுக்கு ஓடினோம். கொடும்பாவி நடுரோட்டில் போட்டது போட்டபடி கிடந்தான். ஒருவருக்கும் அவனைக் கொளுத்தும் நினைப்பு வரவில்லை.

மழை நிற்கவே இல்லை. மறுநாளும் கொட்டியது, அதற்கு மறுநாளும் கொட்டியது. "அம்மா, இங்க ரோட்டுல பைக்கெல்லாம் மெதக்குது" என்று பிரேமலதா திருப்பதியிலிருந்து போன் செய்தாள். பிச்சாட்டூர் அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று தெலுங்கில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு ஒரு ஆட்டோ போயிற்று. ஊரில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. பாவியைக் கொளுத்தாமல் விட்டோம், அதனால்தான் மழை விடவில்லை. தேடினால் ஆளைக் காணோம்.

விடிந்ததும் நிலத்துக்கு ஓடினேன். செடியே தெரியவில்லை. என் நிலம் முழுக்க ஏரி மாதிரி தண்ணீர். மேலே இருக்கிற கோவர்த்தனன் நிலத்துத் தண்ணீரும் என்னுடையதில்தான் இறங்கும். இறங்கி, ரோட்டுக்கு அடியில் போகிற சிமென்ட் குழாய் வழியாக ஓடைக்குப் போய்விடும். அந்தக் குழாயை மோரி என்போம். மோரி நன்றாக இருந்தால் ஒரு சொட்டு நிற்காது. இப்போது நிற்கிறது. இன்னும் ஒரு நாள் நின்றால் செடி அழுகிவிடும்.

கோவர்த்தனன் மண்வெட்டியோடு ரோட்டில் நின்றார். "போச்சும்மா" என்றார். "மோரி அடச்சிக்கிச்சி. இந்த மழையில எவன் வருவான்?"

"நான் எறங்கறேன், மாமா."

"பைத்தியமா உனுக்கு?"

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மோரி வாய்க்குப் போனேன். குப்பை, முள், ஒரு பிளாஸ்டிக் குடம். அதற்குக் கீழே கையில் துணி பட்டது. தூக்கிப் பார்த்தேன். நீலக் கட்டம்.

"மாமா! கொடும்பாவி இங்க இருக்கான்!"

தலைகீழாக உள்ளே புகுந்து, தொப்பை மோரியை அடைத்துக்கொண்டு, கால் மட்டும் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். காலைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. தண்ணீருக்குள் காலால் துழாவினேன். தட்டுப்பட்டது. இழுத்த கயிறு! காலில் கட்டியது அப்படியே இருந்தது.

கயிற்று முனையை அவரிடம் எறிந்தேன். அவர் இழுத்தார், போதவில்லை. ஊரைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் சாய்குமார் ஓடிவந்தான், அவன் பின்னால் தெருவே வந்தது. செல்லியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள்.

"மறுபடியுமாடா உன்ன இழுக்கணும்! ஒரு தபா இழுத்ததுக்கே ஊரு மெதக்குதே! அழுங்கடீ எல்லாரும்!"

"அழாதீங்க, அழுதா இன்னும் கொட்டப்போவுது!" என்று சாய்குமார் அலறினான்.

சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். ஒரு இழுப்பு. இன்னொன்று. கொடும்பாவி பிய்த்துக்கொண்டு வந்தான். கயிற்றுக்காரர்கள் எல்லாரும் சேற்றில் மல்லாந்து விழுந்தார்கள். மோரி பெரிய தொண்டையால் விழுங்குவது போல ஒரு சத்தம் போட்டது. தண்ணீர் என் காலை வாரியது. கோவர்த்தனன் எட்டி என் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கியது. முதலில் வரப்பு தெரிந்தது. அப்புறம் செடிகளின் நுனி. அப்புறம் வரிசை வரிசையாகப் பச்சை. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

கொடும்பாவி சேற்றில் கிடந்தான். கிழிந்த சட்டையைக் கோவர்த்தனன் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். மண்டியிட்டு அதன் காலரில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். "தம்பிதான்டா மோரிய அடச்சிக்கினு கெடந்திருக்கான்" என்றார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை.

மழை விட்டதும் கொளுத்த வேண்டும் என்று ஊர் வந்தது. "சட்டையோட கொளுத்த விடமாட்டேன்" என்றேன். கோவர்த்தனனும் என் பக்கம் நின்றார். பாவி போதுமான அளவு முழுகிவிட்டான், அதுவே காரியம் செய்த மாதிரி என்று செல்லியம்மா தீர்ப்பு சொன்னாள். காட்டுப்பன்றிக்குப் பயங்காட்ட அவனை என் நிலத்தின் நடுவில் நட்டேன். சட்டையைத் துவைத்துத் தைத்து மறுபடி மாட்டினேன்.

மழை போனதும் வெயில் ஒன்றுமே நடக்காதது போலப் பழையபடி காய்ந்தது. பள்ளத்தில் கொஞ்சம் செடி அழுகியது. மற்றது பிழைத்தது.

காய் பிடுங்குகிற நாளில் கோவர்த்தனன் வந்தார். ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். கொத்தாகக் காய் தொங்கியது. ஒன்றை உடைத்து வாயில் போட்டு மென்றார்.

"அடுத்த போகத்துக்கு வெதைக்கு நல்ல காயா பொறுக்கி வைம்மா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு நிலத்தின் நடுவுக்கு நடந்து போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, கொடும்பாவியின் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"வெய்யிலு" என்றார்.