பின்வரிசையில் நாலு பேர்

நாலு பேரை ஒரு வரிசையில் நிறுத்த இருபத்துநாலு வழி உண்டு. முதல் இடத்துக்கு நாலு பேரில் ஒருத்தர், அடுத்ததுக்கு மூன்றில் ஒருத்தர், அப்புறம் இரண்டில் ஒருத்தர், மிச்சம் ஒருத்தர். பெருக்கினால் இருபத்துநாலு. என் வகுப்பில் உள்ள மக்குப் பையன்கூடப் போட்டுவிடுவான். ஆனால் பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில், உப்பளம் பேட்டையில், யூஜின் வீட்டுக் கல்யாணத்தில், போட்டோவுக்கு நிற்க, அந்த இருபத்துநாலில் ஒன்றுகூடத் தேறவில்லை. அப்பேர்ப்பட்ட பெரிய மனுஷர்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம். யூஜின் என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், பெண்ணைப் பெற்றவர், மனைவியை இழந்தவர். குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை தாலி கட்டினான். அடுத்த மாதம் பிரான்சுக்குப் பயணம். அவன் அம்மா ஞானமேரி, மில்லில் வேலை செய்து அவனைப் படிக்க வைத்தவள். போகிற பிள்ளை எப்போது திரும்புவானோ, அவனோடு சேர்ந்து நிற்கிற ஒரு போட்டோதான் அவளுக்கு மிஞ்சப் போவது. காலையிலிருந்து என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டாள், "போட்டோவுல நான் நல்லா தெரிவேனா சார்?" என்று.

கோயிலிலிருந்து வந்ததும் மணமக்கள் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. பின்னால் நிற்க நாலு பேர்: யூஜின், அவர் அண்ணன் தனிஸ்லாஸ், அண்ணன் மனைவி ஆனந்தமேரி, அப்புறம் ஞானமேரி.

தனிஸ்லாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அந்தப் பென்ஷன்தான் ஊரையே தாங்குகிறது என்று நினைப்பு. "தம்பி பக்கத்துல நான் நிக்க மாட்டேன்" என்றார். வீட்டுச் சுவர்த் தகராறு. போட்டோகிராபர் கையைப் பிசைய, கணக்கு வாத்தியார் ஆயிற்றே என்று யூஜின் என்னைக் கூப்பிட்டார். அண்ணனும் தம்பியும் ஒட்டி நிற்கிற வழி பன்னிரண்டு. அதைக் கழித்தேன், மிச்சம் பன்னிரண்டு.

அடுத்து ஆனந்தமேரி. மில்லுக்காரி பக்கத்தில் நின்றால் அந்தம்மாளின் பட்டுப்புடவை அழுக்காகிவிடுமாம். நாலு வழி போயிற்று, எட்டு. புருஷன் சும்மா இருப்பாரா? "என் பக்கத்துலயும் அந்தப் பொம்பளை வேணாம்" என்றார். எட்டு இரண்டாயிற்று. தனிஸ்லாஸ், அவர் மனைவி, யூஜின், ஞானமேரி. இல்லாவிட்டால் அதையே திருப்பிப் போட்டது. அப்படியே நிறுத்தினேன்.

"ஓரத்துல நான் நிக்கிறதா?" என்றார் தனிஸ்லாஸ்.

தீர்ந்தது, பூஜ்யம். நடுவில் நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இவர் பக்கத்தில் நிற்க இவர் பெண்டாட்டி ஒருத்திதான் பாக்கி. அந்த அறிவுகூட இல்லாத தலைக்கு இவ்வளவு கொழுப்பு.

"நாலு பேரு எதுக்கு? அந்தம்மா நவுந்துகிட்டா சரியா பூடும்" என்றாள் ஆனந்தமேரி.

ஒன்றும் சரியாகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை திரும்பினான். "அம்மா, நீ கொஞ்சம் தள்ளி நில்லேன். உன்னைத் தனியா எடுத்துக்கலாம்" என்றான். மாலைகூடக் கசங்காமல் சொன்னான், வெட்கங்கெட்டவன்.

ஞானமேரி போய்ப் பந்தல்கால் ஓரமாக நின்றாள். மிச்சம் மூன்று பேர். அண்ணனும் தம்பியும் ஒட்டக்கூடாது என்றால் நடுவில் ஆனந்தமேரிதான். தனிஸ்லாஸ் மறுபடியும் ஓரம். அதற்கு மனுஷன் என்னைத் திட்டினார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"அந்தம்மா நின்னாலும் போனாலும் நீங்க ஓரந்தான். நீங்க போனீங்கன்னா மத்தவங்க ஒழுங்கா நிக்கலாம்" என்றேன்.

அவர் விருட்டென்று கிளம்ப, பட்டுப்புடவையும் பின்னாலேயே போயிற்று. சனியன் ஒழிந்தது என்று எனக்கு நிம்மதி. இனி யூஜினும் ஞானமேரியும்தான், எப்படி நின்றாலும் சரி. "வாங்க சம்பந்தி" என்று யூஜின் கூப்பிட்டார். கல்யாணப்பெண்ணே எழுந்து போய் மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா" என்றாள் ஞானமேரி. "அவங்க சொன்னதுக்கு நான் நவுரல. எம்புள்ள சொன்னான், அதான் நவுந்துட்டேன்."

மாப்பிள்ளை காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லார் வீம்பையும் ஒவ்வொன்றாகக் கழித்த நான், அவனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கடைசியில் யூஜினை மட்டும் பின்னால் நிறுத்தினோம். ஒருத்தரை நிறுத்த ஒரே வழிதான், யாரும் சண்டைக்கு வரவில்லை.